கார்ல புதுசா சத்தம் வருதா? எந்தச் சத்தம் எங்கிருந்து வருது, எப்போ உடனே நிறுத்தணும்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு ரெண்டு சீசன் சோதனையானது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாலையில் தேங்கும் தண்ணீர். ஜனவரியில் சம்பா அறுவடை தொடங்கியதும் சாலையில் பரப்பும் வைக்கோல், பிறகு உளுந்துச் செடி. இதில் ஓட்டிய பிறகு காரில் புதுச் சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் எப்படி இருக்குங்கிறதை விட, எப்போ வருதுங்கிறதுதான் முக்கியம். நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடினால் இன்ஜின் பக்கம். வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், ஆக்சில் பக்கம். பிரேக் மிதித்தால் மட்டும் வந்தால் பிரேக்.

'ஊம்ம்...' என்ற இரைச்சல்

வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடினால் வீல் பேரிங்காக இருக்கலாம். தண்ணீரில் மூழ்கிய சக்கரத்தில் ஈரமும் சேறும் உள்ளே போனால் பேரிங் தேயும். ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் வலப்பக்கச் சக்கரம்தான் காரணம். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்க.

திரும்பும்போது 'டக் டக்'

ஸ்டியரிங்கை முழுசா ஒடித்துத் திரும்பும்போது வந்தால் ஆக்சில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே போய், சேறு உள்ளே வரும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கா என்று பாருங்க. ஆரம்பத்திலேயே பார்த்தால் பூட் மாற்றினால் போதும். விட்டால் ஆக்சிலையே மாற்ற வேண்டி வரும்.

பிரேக்கில் 'கிரீச்', 'கர்கர்'

மழையில் நின்ற வண்டியில் முதல் சில பிரேக்குகளுக்கு மட்டும் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கில் படிந்த துரு அது. தொடர்ந்து 'கிரீச்' என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். 'கர்கர்' என்று இரும்பு உரசினால் ஓட்டவே கூடாது.

அடியில் 'சர சர'

வைக்கோல் மேல் ஓட்டிய பிறகு கேட்டால், அது ஆக்சிலிலோ சைலன்சரிலோ சுற்றியிருக்கலாம். சூடான சைலன்சர் பட்டு தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வைக்கோல் இல்லாத இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிடுங்க. சூடு தணிந்த பிறகே வைக்கோலை எடுக்கணும். கருகல் வாசனை, புகை வந்தால் தள்ளி நின்று 101-க்கோ 112-க்கோ அழையுங்க.

இன்ஜினில் 'டக் டக்'

இதுதான் பெரிய ஆபத்து. ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த நொடியே ஆஃப் பண்ணுங்க.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்றை அழுத்துவது போல் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆட்களை வைத்துத் தள்ளியோ, டோ செய்தோ வெளியே கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்டுங்க. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு என்று அர்த்தம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் வேண்டும். பாலிசி புதுப்பிக்கும்போதே கேட்டுடுங்க.

மெக்கானிக்கிடம் போகும் முன்

ஒர்க்‌ஷாப் போனதும் சத்தம் வராமல் போவது வழக்கம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை போனில் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. எத்தனை கிலோமீட்டர் வேகம், திரும்பும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, தண்ணீரில் ஓட்டினீங்களா என்ற விவரங்களைச் சொன்னால், தேவையில்லாத பார்ட்ஸை மாற்றும் செலவு மிச்சமாகும்.