அணுக்கருப் பொருளின் புதுநிலை: ஒரு தேடலின் வரலாறு

விஞ்ஞானத்தில் ஒரு கண்டுபிடிப்பு எப்போது நிறைவுறுகின்றது என்பது எளிதில் விடைகூறத்தக்க வினாவன்று. மிகு வெப்பமும் மிகு அடர்த்தியும் கொண்ட அணுக்கருப் பொருளைத் தேடிய வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1965 இல் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரோல்வ் ஹாகடோர்ன், இப்பொருளுக்கு ஓர் உச்ச வெப்பநிலை உண்டென்றார். ஏறத்தாழ 2 இலட்சம் கோடி பாகையை அண்மியபின் ஊட்டப்படும் சக்தி, வெப்பநிலையை உயர்த்தாது புதிய துணிக்கைகளையே தோற்றுவிக்கும் என்பது அவர் கருத்து. 1973 இல் குறொஸ், வில்செக், பொலிற்சர் ஆகியோர், புரோத்தன்களுக்கும் நியூத்திரன்களுக்கும் உள்ளமைந்த குவார்க்குகள் நெருங்குந்தோறும் அவற்றிடையேயுள்ள விசை தளர்கின்றதென நிறுவினர். இதன் அடிப்படையில் 1975 இல் கபிபோ, பரிசி என்னும் இத்தாலிய அறிஞர் ஹாகடோர்னின் உச்சத்துக்குப் புதிய விளக்கம் தந்தனர்: அது வெப்பநிலையின் முடிவன்று, குவார்க்குகள் சிறைவிடுபடும் நிலைமாற்றமாகும். விசை தளர்ந்த அந்நிலை வாயுவை ஒத்திருக்குமென்றே பலரும் எதிர்பார்த்தனர்.

இதனைச் சோதிக்கப் பார அணுக்கருக்களை மோதவிடுதலே வழியாயிற்று. ஜெனீவாவில் 1986 இல் ஒட்சிசன் அணுக்கருக்களும் 1994 இல் ஈய அணுக்கருக்களும் ஆர்முடுக்கப்பட்டன. 2000 பெப்ரவரியில், ஏழு பரிசோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து, பொருளின் புதியதொரு நிலைக்குச் சான்று கிட்டியதென அந்நிலையம் அறிவித்தது. எனினும் அச்சான்றுகள் யாவும் மறைமுகமானவை. எனவே சிலர் ஐயுற்றனர்.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் பொன் அணுக்கருக்களின் மோதல்கள் தொடங்கின. நான்கு ஆய்வுக் குழுவினரும் தம் முடிவுகளைத் தொகுத்து 2005 இலேயே வெளியிட்டனர். அவர்கள் கண்டது வாயுவன்று, திரவம். அணுக்கருக்கள் மையம் விலகி மோதும்போது அவை ஒன்றன்மேலொன்று படியும் பகுதி வாதுமைக் கொட்டை வடிவுடையது. தளர்வான வாயுவாயின் துணிக்கைகள் எத்திசையிலும் ஏறத்தாழச் சமமாகச் சிதறும். ஆனால் அவை குறுகிய அச்சின் திசையிலேயே மிகுதியாகப் பாய்ந்தன. துணிக்கைகள் ஒன்றையொன்று வலுவாகத் தாக்கி, மிகக் குறைந்த பிசுக்குமையுடன் ஒருங்கே ஓடின என்பதே இதன் பொருள். 2010 இல் ஜெனீவாவின் பெரும் ஹட்ரோன் மோதுகைப் பொறியில் நிகழ்ந்த ஈய மோதல்களும் இதனை உறுதிசெய்தன.

ஆகவே, புதியநிலை உண்டென்பது 2000 இல் உரைக்கப்பட்டது. அது எத்தகையது என்பது 2005 இலேயே புலனாயிற்று. முன்னையதை மட்டும் கண்டுபிடிப்பெனக் கொள்வோர், பிழையான எதிர்பார்ப்பொன்றையும் அதனுடன் ஏற்றவராவர். அறிவிக்கப்படும் நாளிலன்று, எதிர்பார்ப்பு திருத்தப்படும் நாளிலேயே கண்டுபிடிப்பு நிறைவுறுகின்றது.