குலத்தொழிலும் பள்ளிக்கூடமும்: அம்பத்தூர்ச் சரித்திரத்தில் ஒரு விசாரணை

கைத்தொழிலே நமக்குக் காணியாட்சி என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். தொழில் கற்றவன் பட்டினி கிடவான் என்பதும் நம் வீடுகளிற் கேட்டுப் பழகிய வசனமே. சங்கக் கூட்டங்களில் இவ்விரண்டையும் கேட்டுக் கைகொட்டாதவர் நம்மில் இலர். அம்பத்தூரிற் பிறந்து அங்கேயே முதுமையெய்திய எனக்கோ, இவற்றைக் கேட்குந்தோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. தொழில் நமக்குக் காணியாயின், அக்காணியில் விளைந்ததை உண்டவர் யார்? அன்பர்கள் பொறுமையுடன் வாசிப்பார்களாயின், நம்மூர்ச் சரித்திரத்தைக் கொண்டே இதனை ஒருவாறு ஆராய முயல்வேன்.

அம்பத்தூர் பூர்வத்தில் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த ஊர். 1763இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. அச்சீமையின் கிராமங்களை 1767 முதல் 1774 வரையில் பார்னார்டு என்னும் துரை அளந்து எழுதிய கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன. களத்துமேட்டில் நெல்லைப் பங்கிடுமுன் கொல்லனுக்கு இவ்வளவு, தச்சனுக்கு இவ்வளவு, வண்ணானுக்கும் நாவிதனுக்கும் இவ்வளவு என்று மேரை ஒதுக்கும் வழக்கத்தை அவை காட்டுகின்றன. கலப்பைக்குக் கொழு அடித்தவனும் ஏற்றத்துக்கு மரம் இழைத்தவனும் கூலிக்குப் பேரம் பேசியதில்லை. விளைந்தால் அவனுக்கும் பங்குண்டு, விளையாவிடின் அவனும் பட்டினியே. இதனைச் சிலர் பொற்காலமென்று எழுதுகின்றனர். நான் அங்ஙனம் எழுதேன். மேரையில் வளர்ந்த கொல்லன் எவனும் மிராசுதாரனாகவில்லை. அன்றியும், நமக்குங் கீழே சேற்றில் நின்று உழைத்த ஆதிதிராவிடப் படியாட்களுக்கு நமக்கிருந்த அளவு உரிமையும் கிடையாது. நம் பத்திரிகைகளில் இதனை நினைப்பூட்டுவோர் அரியர்.

பழைய ஏற்பாடு முதலில் அசைந்தது இருப்புப்பாதையால். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிய தென்னாட்டின் முதற் பயணிகள் ரயில் நம்மூர் வழியே சென்றது. அக்காலத்திலேயே பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலையும் உண்டாயிற்று. களத்து நெல்லை நம்பியிருந்த கொல்லன் மாதச் சம்பளம் என்னும் சொல்லை அங்குதான் கற்றான். தொழிலையும் பள்ளியையும் இணைக்கும் முயற்சியும் அந்நூற்றாண்டிலேயே உண்டு. சென்னையில் ஹண்டர் என்னும் வைத்தியர் 1850இல் கலைத்தொழிற்பள்ளி தொடங்கினார். அப்பள்ளியிற் பின்னாளில் சாட்டர்ட்டன் துரை 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைப் புகுத்தினார். ஆயின் இவை பட்டணத்தோடு நின்றன. அம்பத்தூர் உலைக்களத்துப் பிள்ளைக்கு உலைக்களமே பள்ளி.

என் பாட்டனார் அத்தகைய உலைக்களத்தை உடையவர். காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே எப்போது நீரில் தோய்க்க வேண்டுமென்று அறிவார். எழுத்தறியார். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் ஆங்கில நாட்டு டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடி அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை நிறுவ முற்பட்டு, 1951இல் இங்கே செய்த ஹெர்குலிஸ் சைக்கிள்களை வெளியிட்டபோது, அவர் ஒன்றை நெடுநேரம் தடவிப் பார்த்து, 'இதில் அடி பட்ட தழும்பே இல்லையே' என்றார் என்று வீட்டிற் சொல்வார்கள். சம்மட்டியின் தழும்பில்லாத இரும்பு வந்துவிட்டது. அவர் அதனை வியந்தார். அதன் பொருளை அறிந்திலர்.

இவ்விடத்திலேதான் நம் விசாரணையின் முக்கிய அம்சம் வருகின்றது. 1950இல் அமுலுக்கு வந்த அரசியற் சட்டம், பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரையில் யாவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டுமென்று விதித்தது. சென்னை இராஜாங்கத்திடம் அத்தனை பள்ளிக்கும் உபாத்தியாயர்க்கும் பணமில்லை. முதன்மந்திரியாயிருந்த இராஜகோபாலாச்சாரியார் 1953இல் ஒரு வழி கண்டார். கிராமங்களில் ஆரம்பப் பள்ளியை நாளொன்றுக்கு இரண்டு முறைகளாக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று மணி நேரமே படிப்பு. மிகுந்த நேரத்தில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலிற் பழகலாம். பட்டணத்துப் பிள்ளைக்கு இவ்வேற்பாடு இல்லை. எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர், அப்பெயரே நிலைத்தது. திராவிடர் கழகத்தாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். 1953 ஜூலை மாதத்து மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானதே. காங்கிரசுக்குள்ளும் அதிருப்தி மிகுந்தது. திட்டத்தைக் கைவிடுமாறு சட்டசபையில் வந்த தீர்மானத்துக்கு இருபுறமும் 138 வாக்குகள் விழுந்து சமமாயின. பிறகு பருலேக்கர் தலைமையில் அமைந்த குழுவார் திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தனர். எனினும் எதிர்ப்புத் தணியவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதன்மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

என் வீட்டில் இதுபற்றி நடந்த வாதம் சட்டசபை வாதத்துக்குக் குறைந்ததன்று. பாட்டனார் திட்டத்தை மனமார வரவேற்றார். 'என் வித்தையை மதிக்கும் சர்க்கார் இப்போதுதான் வந்தது' என்றார். என் தந்தையாரோ, 'வித்தையை மதித்தால் பட்டணத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கட்டுமே. வக்கீல் மகன் எந்த உலையில் ஊதப் போகிறான்?' என்று கேட்டார். இருவர் கட்சியிலும் உண்மையுண்டு என்பதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

கைத்தொழிலைக் கல்வியோடு சேர்த்தல் இழிவன்று. காந்தியடிகளின் எண்ணத்தைத் தழுவி 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வி, தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்க முயன்றது. ஜெர்மானிய தேசத்து மியூனிக் நகரில் கெர்ஷென்ஸ்டைனர் என்னும் கல்வியதிகாரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பட்டறையில் வேலை பழகும் வாலிபர்க்கென்றே பள்ளிகள் ஏற்படுத்தி, அவரவர் தொழிலுக்குரிய கணக்கையும் சித்திர வரைதலையும் கற்பித்தார். அங்கே பள்ளியானது தொழிலாளியைத் தேடிச் சென்றது. சென்னைத் திட்டத்திலோ பள்ளி பாதி நாளோடு கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை அவன் தந்தையினிடமே திருப்பி அனுப்பியது. தந்தைக்குத் தெரியாததை அவன் எங்கே கற்பான்? அத்திட்டத்தில் நான் காணும் குறை இதுவே. வரவிருந்த தொழிற்சாலைக்கு வேண்டியவை வரைபடம் வாசித்தலும், அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு அளத்தலும். உலைக்களத்தில் அவை இரா.

1955 ஜனவரியில் நம்மூருக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்மப் பாணியிலான சமுதாயம் அமைப்பதே இலட்சியமென்று தீர்மானித்தது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அதன் பின்னர்த் தொழிற்சாலைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன என்றே சொல்லலாம். அம்பத்தூரில் 1959இல் டன்லப் டயர்ச்சாலை. ஆவடியில் 1961இல் கனரக வாகனச் சாலை. பாடியில் அவ்வாண்டுகளிலேயே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா. இவற்றுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு இடம் வேண்டுமன்றோ? 1958இல் கிண்டியிற் கண்ட பழக்கத்தைக் கொண்டு, 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உண்டாயிற்று. சுமார் 1,430 ஏக்கர் பரப்பு. தென்னாசியாவிலேயே பெரிய சிறுதொழிற் பேட்டைகளுள் ஒன்றென்பர். அதன் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்குப் பட்டரவாக்கம் என்று பெயர். அது பட்டறையால் வந்த பெயரென்று நம்மவர் சிலர் பெருமை கொள்கின்றனர். அவ்வாராய்ச்சியை ஊர்ப்பெயர் வல்லாரிடம் விட்டுவிடுகிறேன்.

பேட்டை வந்தது, இரும்பை அறிந்த குலம் நம் குலம், ஆதலின் பேட்டை நமதாயிற்று என்று நினைப்பது இயல்பு. நடந்தது அதுவன்று. பேட்டையில் இடம்பெற விரும்புவோன் விண்ணப்பம் எழுத வேண்டும், அக்காலத்தில் அதுவும் ஆங்கிலத்தில். செய்யப்போகும் பொருளுக்குத் திட்டமும் வரவுசெலவுக் கணக்கும் காட்ட வேண்டும். 1955இல் தோன்றிய தேசியச் சிறுதொழிற் கழகம் தவணைமுறையில் யந்திரம் கொடுத்தது உண்மையே. 1949இலேயே சென்னையில் தொழில் முதலீட்டுக் கழகம் கடன் கொடுக்கத் தொடங்கியதும் உண்மையே. ஆயின் தவணைக்கும் முன்பணம் உண்டு. கடனுக்கும் ஈடு உண்டு. களத்து நெல்லை வாங்கி உண்டவனிடம் ஈடு வைக்க என்ன இருந்தது? சம்மட்டியை எந்த பாங்கியும் அடமானமாக ஏற்பதில்லை.

வேலைக்குச் செல்வோர் வழியும் அவ்வாறே மாறிற்று. ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் முதலிய பிரிவுகளிற் சேர எட்டாம் வகுப்பேனும் தேறியிருத்தல் வேண்டும். சில பிரிவுகளுக்குப் பின்னர்ப் பத்தாம் வகுப்பு என்றாயிற்று. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பெரிய தொழிற்சாலைகளில் உதவித்தொகையோடு பழகும் இடங்களை ஏற்படுத்தியது. அவற்றுக்கும் பள்ளிச் சான்று வேண்டும். இவ்வாசல்கள் எல்லாச் சாதியார்க்கும் திறந்திருந்தன. உழவர் மகனும் ஆதிதிராவிடர் மகனும் டர்னரானார்கள். அது நியாயமே, அதற்கு நாம் வருந்துவது தகாது. நம் தொழில் பொதுச்சொத்தாயிற்று என்பதன்று குறை. பள்ளிக்குப் போகாத நம் பிள்ளைகள், தம் பாட்டன் தொழில் நடக்கும் கூடத்திலேயே எடுபிடியாளாக நின்றதுதான் குறை.

அதே 1964இல் பிரான்ஸ் தேசத்தில் பூர்தியே, பாஸ்ரோன் என்னும் சமூகவியலார் இருவர், 'வாரிசுகள்' என்னும் பெயரால் ஒரு நூல் வெளியிட்டனர். கல்லூரியில் திறமையென்று பாராட்டப்படுவதிற் பெரும்பகுதி, மாணவன் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பழக்கமும் பேச்சும் என்பது அவர்கள் கொள்கை. அம்பத்தூரையே கண்டறியாத அவர்கள் எழுதியது அம்பத்தூருக்கும் பொருந்துகின்றது. சொல்லப்போனால், எல்லாரும் ஏதோவொரு குலக்கல்வி பெற்றவரே. குமாஸ்தா வீட்டுக் குலக்கல்வி பேட்டையிற் செல்லுபடியாயிற்று; கொல்லன் வீட்டுக் குலக்கல்வி ஆகவில்லை.

நம் மரபினருள்ளும் பிளவு இங்ஙனமே விழுந்தது. நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இரு சகோதரர். மூத்தவர் தந்தையாருக்கு உதவியாக மூன்றாம் வகுப்போடு நின்றவர். கைவேலையில் அவருக்கு நிகர் அக்கம்பக்கத்தில் இல்லை. இளையவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, மாமனார் நிலத்தை ஈடுவைத்து, இரண்டு லேத்துடன் பேட்டையில் ஜாப் ஒர்க் தொடங்கினார். மூத்தவர் தம் தம்பியின் கூடத்திலேயே முப்பதாண்டு உழைத்தார். லேத்துக்கு வேண்டிய உளிகளை அவர் தீட்டினாலொழிய வேலை நேராகாது என்று தம்பியே சொல்லுவார். ஆயினும் ஒருவர் மக்கள் இன்று எஞ்சினீயர்கள். மற்றவர் மக்கள் கான்டிராக்டரிடம் நாட்கூலிக்கு நிற்பவர்கள். பகையொன்றுமில்லை, கலியாணங்களில் ஒரே பந்தியில் அமர்கின்றனர்.

பிற்காலத்து மாறுதல்களைச் சுருங்கச் சொல்கிறேன். டன்லப் சாலை நெடுநாள் தள்ளாடி மூடப்பட்டது. பேட்டையின் பல கூடங்கள் ஆயத்த ஆடைச் சாலைகளாயின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே தைக்கின்றனர். சில இடங்களிற் கணிப்பொறிக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. லேத்துகளில் இன்று பீகார், ஒடிசா தேசத்து வாலிபர் பலர் நிற்கின்றனர். பள்ளிச் சான்று பெற்றால் நிரந்தர வேலை என்று என் தந்தையார் நம்பிய காலமும் போயிற்று. டிப்ளமா படித்தவர்களும் பழகுநர் என்னும் பெயரில் ஆண்டுக்கணக்காகக் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்க்கின்றனர். படிக்காதவனுக்கு அக்காலத்திலேயே வாசல் அடைந்தது. படித்தவனுக்கு இக்காலத்தில் வாசல் திறந்தும் உள்ளே இருக்கை இல்லை.

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் படிப்புதவி நிதிக்கு வந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் பொறுப்பு அடியேனுக்கு வாய்த்தது. மேற்சொன்ன சகோதரர் இருவர் வீடுகளிலிருந்தும் பேரப்பிள்ளைகள் விண்ணப்பித்திருந்தனர். 'குடும்பத் தொழில்' என்னும் கட்டத்தில் இருவரும் 'லேத் பட்டறை' என்றே எழுதியிருந்தனர். இருவர் எழுதியதும் உண்மை. ஒரு வீட்டார் பட்டறைக்கு உடையவர். மற்ற வீட்டார் அதிற் கூலி பெற்றவர். மதிப்பெண் மிகுந்தவர்க்கே உதவி என்னும் விதிப்படி, தனிவகுப்பில் உபாத்தியாயரை வைத்துப் படித்த பிள்ளைக்கே தொகை சென்றது. நானே கையொப்பமிட்டேன். வருகிற மகாசபைக் கூட்டத்தில், அவ்விண்ணப்பத் தாளில் பட்டறை சொந்தமா, அன்றிக் கூலி வேலையா என்று கேட்கும் கட்டம் ஒன்று சேர்க்க வேண்டுமென்று தீர்மானம் கொடுத்திருக்கிறேன். அதனை எதிர்ப்பவர் இப்போதே சிலர் உளர் என்று கேள்வி.