உடப்புக் கரைவலை: தும்பிலிருந்து நைலோன் வரை

புத்தளம் கரையில் கம்பளிச் சால்வைக்கு வேலை இல்லை. குளிர் நாடுகளில், மனதுக்குப் பிடித்த கடற்கரையொன்றின் நினைவாக மணலுக்கு ஒரு நூல், தண்ணீருக்கு ஒரு நூல் என்று எடுத்து இருநிறச் சால்வை பின்னுகிறார்கள். ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறம் மேலோங்கும்; திருப்பினால் மற்றது. அழகான வேலைதான். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே, ஒருபுறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாகக் கிடக்கும் உடப்பிலும் அந்தக் கரைக்கென்றே பின்னிய பொருள் ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. அதுவும் இரண்டு வகை நாரில் ஆனது. யாரும் தோளில் போட்டுக்கொள்ள முடியாது. தூக்கவே ஒரு கூட்டம் வேண்டும். அதுதான் கரைவலை.

வலை பிறப்பது கடலில் அல்ல, தென்னந்தோட்டத்தில். குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு புத்தளமும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929இல் தொடங்கப்பட்டதும் இதே மாவட்டத்தின் தென்கோடியில், லுணுவிலையில்தான். தேங்காய் உரித்து மிஞ்சிய மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டால், நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். தண்ணீர் கறுத்து நாறும். மட்டை ஊறும் இடத்தைக் கண்ணுக்கு முன்பே மூக்கு கண்டுபிடிக்கும். ஊறிய மட்டையை அடித்து, தும்பு பிரித்து, கயிறாகத் திரிப்பார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. தும்பில் லிக்னின் என்ற மரச்சத்து நாற்பது சதவீதத்துக்கு மேல் உண்டு. உப்புத் தண்ணீரில் பருத்தி அழுகும் வேகத்தில் தும்பு அழுகாததற்கு அதுவே காரணம்.

அந்தக் காலத்துக் கரைவலையில் இருபுறமும் நீளும் கைகள் தும்புக் கயிற்றால் ஆனவை. நடுவில் மீன் வந்து சேரும் பை மட்டும் நூலால் ஆனது. அதை மடி என்பார்கள். கையின் நுனியில் கண்கள் மிகப் பெரியவை, மீன் தாராளமாகப் புகுந்து வெளியேறலாம். ஆனால் போகாது. கயிறு அசையும்போது எழும் அதிர்வுக்கும் கலங்கும் நீருக்கும் மிரண்டு, கூட்டமாக நடுவை நோக்கி ஒதுங்கும். மடியை நெருங்க நெருங்கக் கண் சிறுக்கும். மீனைத் தடுக்கிற சுவரை விட மீனை ஓட்டுகிற பயம் மலிவானது என்பதைக் கண்டுபிடித்த ஆளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பின்னலிலும் ஒரு நுட்பம் உண்டு. கம்பளிச் சால்வையில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகக் கழன்று ஓடும். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனி முடிச்சு. பாறையில் பட்டு நாலு கண் கிழிந்தால் நாலு கண்தான் போயிற்று. அதை மட்டும் உட்கார்ந்து பொத்திவிடலாம். நாளும் கிழிபடப் போகிற பொருளுக்கு இதுதான் சரியான பின்னல்.

பருத்தி நூல் மடி செல்லப்பிள்ளை. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் விரித்துக் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். அதனால் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் துவர்ப்பேற்றுவார்கள். தோல் பதனிடுவதில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். சாயமேறிய மடி கருஞ்சிவப்பாக இருக்கும். பிறகு நைலோன் வந்தது. 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய இழை, இலங்கைக் கரைகளில் பரவலாக வந்து சேர்ந்தது ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும். அழுகாது, துவர்ப்பு வேண்டாம், காயவைக்கும் வேலை பாதியாய்க் குறையும். அதன்பின் பனிச்சங்காயைத் தேடி யாரும் காட்டுக்குப் போகவில்லை. அதற்காக அழுதவர்களும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். வலையின் மற்ற பாகங்களிலும் செயற்கை இழை புகுந்தது.

வலையின் உண்மையான வாழ்க்கை அது கரைக்கும் கடலுக்கும் இடையில் கழிக்கும் சில மணி நேரம். ஒரு கயிற்று முனையைக் கரையில் ஒரு குழுவிடம் விட்டுவிட்டு, வலையை ஏற்றிய தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வளைத்து வலையை விட்டுக்கொண்டே வந்து, சற்றுத் தள்ளி மறுமுனையைக் கரை சேர்க்கும். இரண்டு குழுவும் இழுக்கத் தொடங்கும். முப்பது நாற்பது பேர் இழுத்தாலும் முதலில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. கயிறு மட்டும் அங்குலம் அங்குலமாக ஏறும். மடி நெருங்க இரு குழுவும் ஒன்றையொன்று நோக்கி நகரும். இழுக்கும் கைகள் ஒரே நொடியில் இழுக்கவேண்டும், ஒரே நொடியில் மூச்சு விடவேண்டும். அதற்குத்தான் அம்பா. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தெய்வம் வரும், காதல் வரும், கேலியும் வரும். உடப்பு அம்பாப் பாடல்களுக்குப் பேர்போன ஊர். இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது ஊர் வழக்கு; ஆண்டுதோறும் தீமிதி நடக்கும் திரௌபதையம்மன் கோயில் ஊரின் நடுநாயகம். அம்பாவை இன்று மேடையில் கேட்கிறோம், கைதட்டுகிறோம். கயிறு இல்லாத அம்பா எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. அது பாட்டு மட்டுமல்ல, வேலைக்குரிய கருவி.

கடைசியில் மடி மணலில் ஏறும். நெத்தலி, சூடை, காரல், நல்ல நாளில் பாரை. சில நாட்களில் சொறிமுட்டையும் பிளாஸ்டிக் பையும்தான்.

இந்த வலையை நினைத்த இடத்தில் போட முடியாது. கரை, வலை இழுப்பதற்கான துண்டுகளாக, அதாவது பாடுகளாகப் பிரிந்திருக்கிறது. பாடு பதிவாகியிருக்கவேண்டும், முறை வரவேண்டும். 1984ஆம் ஆண்டின் கரைவலை விதிகள் இதற்கென்றே எழுதப்பட்டவை. முறை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. தெற்கே மாவெல்ல என்ற ஊரில் மீன்விலை ஏற ஏற ஆளுக்கு ஆள் வலை சேர்த்ததையும், முறை வருவதற்குள் வலைகள் காத்துக் கிடந்ததையும் மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1982இல் எழுதினார். அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் தம் நூலில் அந்த ஊரை எடுத்துக்காட்டாக வைத்த பிறகு, பொதுச்சொத்து பற்றிப் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் அந்தக் கரையைப் படிக்கிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் எழும்பினால் மேற்குக் கரை கொந்தளிக்கும். அப்போது மேற்குக்கரை வலைகள் லொறியேறிக் கிழக்கே போவது பழைய வழக்கம். வாடி போட்டுத் தங்கி, ஒக்டோபர் வாக்கில் திரும்புவார்கள். போர் அந்தப் பாதையை அடைத்தது. 2009க்குப் பிறகு திறந்தபோது முல்லைத்தீவுக் கரையில் யாருடைய பாடு என்ற தகராறும் கூடவே வந்தது. மேற்கிலும் கரை சுருங்குகிறது. கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய இடத்தில் வலையை ஏற்ற முடியாது. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் நிலக்கரி ஜெட்டி கடலுக்குள் நீளும் இடத்தில் வலையை வளைக்கவும் முடியாது.

கடைசியாக வந்தது வின்ச். உழவு இயந்திரத்தில் பூட்டிய உருளை கயிற்றைச் சுற்ற, நாற்பது பேரின் வேலையைச் சில பேர் முடித்துவிடுகிறார்கள். வலையும் அதற்கேற்பக் கனக்கலாம், அடித்தளத்துப் புல்லையும் சேர்த்து வழிக்கலாம், ஒரு நாளில் கூடுதல் தடவை இழுக்கலாம். அரசாங்கம் இதைத் தடை செய்தது. ஆள் கிடைக்கவில்லை, என்ன செய்வது என்று கரைவலைக்காரர்கள் கேட்டார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. வெளிநாட்டுச் சம்பளம் தெரிந்த இளைஞனை வெயிலில் கயிறு இழுக்க வா என்று யார் கூப்பிடுவது? பாரம்பரியம் போய்விட்டது என்று கொழும்பிலிருந்து வருந்துகிறவர்கள் ஒரு காலைப்பொழுது இழுத்துப் பார்த்துவிட்டு வருந்தலாம்.

எனக்கு வின்ச்சை விடக் கவலை தருவது மடி. பருத்தி இற்றுப்போகும் காலத்தில் மிக நெருக்கமாகப் பின்னுவது நட்டம். அழுகாத இழை வந்தபின் அந்தக் கணக்கு மாறியது. இலங்கைக் கரைகள் சிலவற்றில் கொசுவலைக் கண் அளவுக்கு மடி வந்துவிட்டது. விரல் நுனியளவு குஞ்சுகூட அதில் தப்பாது. கயிற்றைக் கை இழுத்தாலும் இயந்திரம் இழுத்தாலும் அந்த மடி செய்யும் கேடு ஒன்றுதான். வின்ச்சைத் தேடிக் கரைக்கு வரும் மீன்பிடித் திணைக்கள அதிகாரிகள் ஓர் அளவுகோலையும் கொண்டுவந்து, மடியின் கண்ணை அளந்துவிட்டுப் போகட்டும்.