ரங்கூனைக் காவல் காத்த தாத்தா



கடந்த பள்ளி விடுமுறையில் அம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது 1962ஆம் ஆண்டின் தேர்ச்சி அறிக்கை ஒன்று கைக்குக் கிட்டியது. அம்மா அப்போது பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு மாணவி. (அவ்வூருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வீட்டில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பெற்றோர் கையொப்பத்திற்குரிய இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. தமிழில் அன்று, ரோமன் எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றது.

தோட்டத்தில் பலர் கைநாட்டு வைத்த காலம் அது. தாத்தா பால்மரம் சீவியவர், தோட்டப் பள்ளியில் மூன்றாண்டு மட்டுமே படித்தவர், ஆங்கிலம் அறியாதவர். இந்த எழுத்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "பட்டாளத்துல படிச்சது" என்றார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

1942 ஜனவரித் தொடக்கத்தில் போர் எங்கள் வட்டாரத்துக்கே வந்துவிட்டது. கடல் வழியாகக் கோலசிலாங்கூரில் இறங்க முயன்ற ஜப்பானியரைப் பிரிட்டிஷ் பீரங்கிகள் விரட்டின. எனினும் அவர்கள் கரையோரமாகவே வந்து சேர்ந்தனர். ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. துரைமார் போய்விட்டனர். ரப்பரை வாங்குவாரில்லை. சம்பளம் நின்றது, அரிசியும் நின்றது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளை உணவானது.

அதன்பின் வந்தது சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. தாத்தாவின் அண்ணன் அவ்வாறு சென்றவர், திரும்பவில்லை.

1943 ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதுவரை அப்படையில் இருந்தோர் பெரும்பாலும் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். நேதாஜியோ குடிமக்களை அழைத்தார். தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு ஒரு தலைவர் நேரே விடுத்த அழைப்பு அது.

எங்கள் மாணவர்களுக்கு இதனைச் சொல்லும்போது, நாட்டுப்பற்றினால்தான் எல்லாரும் சேர்ந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். முழு உண்மை அவ்வளவு எளிதன்று. பட்டாளத்தில் சேர்ந்தவனைச் சயாமுக்குப் பிடித்துச் செல்லமாட்டார்கள் என்பது பலருக்குப் பெரிய காரணம். பசி மற்றொரு காரணம். இவற்றினும் ஆழமான ஒன்றைத் தாத்தா ஒருமுறை அம்மாவிடம் சொன்னாராம். பெரட்டுக் களத்தில் தண்டலும் கிராணியும் "டேய்" என்று அழைத்த அவரைப் பட்டாளத்தில் 'ஜவான்' என்றார்கள். பத்தொன்பது வயது இளைஞனுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்திருக்கும் என்பதை வகுப்பில் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நாம் எளிதில் உணரலாம்.

அப்படையில் கட்டளைகள் இந்துஸ்தானியில் வழங்கப்பட்டன. அதனை ரோமன் எழுத்தில் எழுதப் பழக்கினார்கள். பஞ்சாபியும் வங்காளியும் தமிழரும் ஒன்றாய்ப் படிக்க அதுவே வழியாயிற்று. தாத்தாவின் கையொப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பிற்காலத்தில் மாட்டுக் கொட்டகையில் அவர் மாடுகளை "ஏக், தோ, தீன்" என்றே எண்ணுவாராம். அவை மாடுகளின் பெயர்கள் என்று அம்மா வெகுநாள் நினைத்திருந்தார்!

கையொப்பம் என்றதும் இன்னொரு தந்தையும் நினைவுக்கு வருகிறார். கோலாலம்பூரில் நேதாஜியின் உரையைக் கேட்டு, அங்கேயே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர் ஜானகி. அப்போது அவருக்கு 18 வயது. ஜான்சி ராணிப் படையில் சேர மணமாகாத பெண்ணுக்குத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். முதலில் மறுத்த தந்தை பின்னர் மனம் இளகிக் கையெழுத்திட்டார். அந்தப் பெண் அப்படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதில் பங்கேற்றார், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2014இல் மறைந்தார். அவர்தாம் ஜானகி ஆதி நாகப்பன். பதினாறு வயதில் அதே படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி, பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்துக்காகப் போராடினார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

தாத்தா இம்பால் போரைக் காணவில்லை. 1944இல் அப்போர் தோல்வியில் முடிந்து, மழையிலும் நோயிலும் வீரர்கள் பின்வாங்கிய பிறகே அவர் பர்மாவில் இருந்தார். 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு வெளியேறினர். நேதாஜியும் 24ஆம் நாள் புறப்பட்டார். நகரத்து இந்தியக் குடிமக்களைக் கொள்ளையரிடமிருந்து காக்கவேண்டும் என்று சில ஆயிரம் வீரர்களை விட்டுச்சென்றார். அவர்களுக்குத் தளபதி ஏ. டி. லோகநாதன் என்னும் தமிழர். அவர் மருத்துவர், அந்தமானின் தலைமை ஆணையராகவும் இருந்தவர். மே 3ஆம் நாள் பிரிட்டிஷ் படை நுழையும்வரை நகரின் ஒழுங்கைக் காத்தவர்கள் அவர்கள்தாம். காத்த பின் சிறைப்பட்டவர்களும் அவர்கள்தாம். தாத்தா அவர்களுள் ஒருவர். போரில் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை என்று அவர் சிறிது வெட்கத்துடன் சொல்வாராம். என் மதிப்பீட்டில், அந்தப் பத்து நாளும் அப்படை செய்த நற்பணிகளுள் முதன்மையானவை.

1946இல் தாத்தா தோட்டத்திற்கே திரும்பினார். அதே காண்டா, அதே உளி. ஆனால் திரும்பியவர்கள் பழைய ஆட்களல்லர். கள்ளுக்கடையை எதிர்த்தார்கள், சம்பள உயர்வு கேட்டார்கள், சங்கம் அமைத்தார்கள். இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த எஸ். ஏ. கணபதி, அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகிலுள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி கைது செய்யப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல்நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ரவாங் எங்களுக்கு எட்டாத தொலைவன்று. செய்தி வந்த இரவே பாட்டி, தாத்தாவின் சீருடைப் படத்தையும் பட்டாளத்துத் தாள்களையும் அடுப்பில் போட்டுவிட்டார். தாத்தா தடுக்கவில்லை. பிற்காலத்தில் இந்தியாவில் விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்து, அதில் இந்திய தேசிய இராணுவத்தினரும் சேர்க்கப்பட்டனர் என்று கேள்விப்பட்டபோது நண்பர் ஒருவர் தாத்தாவையும் தூண்டினாராம். "காட்டறதுக்கு என்ன இருக்கு?" என்பதோடு பேச்சு முடிந்தது. பாட்டியை யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அவருக்குக் கணவன் உயிரோடு வேண்டியிருந்தது.

அதன்பின் அவருடைய பட்டாளமெல்லாம் ஐந்து பிள்ளைகள்தாம். சங்கத்துக்குச் சந்தா கட்டுவார், மேடை ஏறமாட்டார். கள்ளைத் தொட்டதில்லை. மாலையில் மண்ணெண்ணெய் விளக்கருகே பிள்ளைகளை வரிசையாய் அமர்த்தி வாய்ப்பாடு சொல்லவைப்பார். 1965 முதல் நுழைவுத் தேர்வின்றி இடைநிலைப்பள்ளி செல்ல வழி பிறந்தது. மறு ஆண்டு அம்மா புகுமுக வகுப்புக்குப் போகவேண்டும். பேருந்துக்கும் சீருடைக்கும் பணமில்லை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று லயமே பேசிற்று. தாத்தா 'தோ'வை விற்றார். 'தீன்' அடுத்த ஆண்டு போயிற்று.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அவர் காலமானார். வீட்டில் ஓய்வாகக் கிடந்த அவரிடம் பர்மாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், வரலாற்றுக் கற்பித்தல் முறை குறித்து இடுபணி எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. இப்போது என்னிடம் இருப்பது அம்மாவின் நினைவும் இந்த ஒரு தாளும் மட்டுமே.

அந்தத் தேர்ச்சி அறிக்கையில் ஒரு கறையும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் அறிக்கைகளில் கித்தாப்பால் பிசுக்கு ஒட்டியிருக்குமாம். தாத்தா மட்டும் வெளிக்காட்டிலிருந்து வந்ததும் கையொப்பமிடமாட்டார். குளித்து, கைகளை மண்ணெண்ணெயில் துடைத்து, மீண்டும் சவர்க்காரத்தில் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து அமர்வாராம். அம்மா பேனாவை எடுத்துக் கொடுப்பார்.