ஒரே ஓடையின் தண்ணீர்

திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கிறது என்றால், மலையேற வரும் பக்தர்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துப் புது மாவட்டம் அமைத்தபோது, சூளூர்பேட்டையும் தடாவும் வாகாடும் நெல்லூரை விட்டு இதற்குள் வந்தன. சித்தூருக்கு என்றைக்கும் கடல் கிடையாது. திருப்பதிக்கோ இப்போது கடல் உண்டு, பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி உண்டு, இறால் குட்டைகளும் உண்டு. காளத்திக் கோயிலைத் தொட்டு ஓடும் பொன்முகலி, நாயுடுபேட்டை தாண்டி, வாகாடு பக்கம் வந்துதான் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தை ஒட்டித்தான் எங்கள் குட்டைகள்.

நான் ஆரம்பாக்கத்துப் பெண். 1991ல் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் மாநில எல்லை போகிறது, ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. மாமனாருக்கு இருந்த நிலத்தில் இரண்டு ஏக்கர் உவர் ஏறிய நிலம். மழை நன்றாகப் பெய்த வருஷம் ஒரு போகம் நெல் வரும், இல்லையென்றால் அதுவும் இல்லை. அதை வெட்டித்தான் இரண்டு குட்டைகள் ஆக்கினார்கள். பத்தாவது வரை படித்தவள் என்பதால் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. எவ்வளவு சீடு (இறால் குஞ்சு) விட்டோம், எத்தனை மூட்டைத் தீவனம், எந்தத் தேதியில் தண்ணீர் மாற்றினோம், எந்தக் கவுண்டில் பிடித்தோம், என்ன விலை போனது எல்லாம் அதில் இருக்கிறது.

இறால் வளர்ப்பின் வரலாற்றை ஏற்றுமதிக் கணக்கிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. 2023-24ல் இந்தியாவிலிருந்து 7.16 லட்சம் டன் உறைய வைத்த இறால் போயிருக்கிறது, மதிப்பு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு ஆந்திரத்தினுடையது. பெருமையான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்குக்குள் எங்கள் வீடுகள் தெரிவதில்லை. நாட்டில் இறால் வளர்ப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் 2 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள்.

குட்டை வருவதற்கு முன்னும் இந்தக் கரைக்கு இறால் தெரியும். பழவேற்காடு ஏரியில் பட்டினவர் ஊர்களில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறை வைத்து, ஊர் கூடித் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. ஆந்திரக் கரையில் பட்டபு என்று சொல்லப்படும் மீனவர்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களே. இவர்களைத் தவிர வலையோ படகோ இல்லாத பழங்குடிகளான யானாதிகளும் இருளர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவியே இறால் எடுப்பார்கள். குட்டைத் தொழில் தொடங்கிய காலத்தில் ஏரியிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் இறால் குஞ்சு அரித்துக் கொடுத்தவர்களும் இவர்களே. பிறகு பொரிப்பகங்கள் வந்தன, அந்தக் கூலி போயிற்று, குட்டைக் காவலுக்கு வந்தார்கள். இந்தத் தொழிலில் எல்லோரையும்விட நீரை அறிந்தவர்கள் அவர்கள், எல்லோரையும்விடக் குறைவாகச் சம்பாதித்தவர்களும் அவர்களே. இதை எழுதாமல் இறால் வரலாறு எழுதக்கூடாது.

  

1990 தொடங்கிய நான்கைந்து வருஷங்கள் டைகர் இறாலின் காலம். கோடையில் குட்டையைக் காயவிடுவோம். கால் வைத்தால் புதையாத அளவுக்குத் தரை வெடிக்க வேண்டும். மேலே படிந்த கறுப்பு மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டி, சுண்ணாம்பு தூவி, ஓடைத் தண்ணீரை வலைப்பை வழியாக வடிகட்டி ஏற்றுவோம். தவிடும் வெல்லப்பாகும் புளிக்கவைத்து ஊற்றினால் சில நாளில் தண்ணீர் பசுமை கட்டும். பிறகுதான் சீடு. வெயில் ஏறுவதற்கு முன், குஞ்சுப் பைகளைக் கட்டவிழ்க்காமல் குட்டையில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு மெதுவாகத் திறந்துவிடுவோம். ஏக்கருக்கு நாற்பதாயிரம் விட்டாலே டைகருக்கு நிறைவு. செக் ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை. போட்ட தீவனம் மிச்சமா, இறாலின் குடல் நிறைந்திருக்கிறதா, ஓடு கழற்றியிருக்கிறதா என்று பார்த்து அடுத்த வேளைத் தீவனத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் ஓடு கழற்றும். அந்த நாட்களில் தீவனம் குறையும், கவனம் கூடும். நாலரை மாதத்தில் முப்பது கவுண்ட், அதாவது கிலோவுக்கு முப்பது இறால். நெல்லில் பார்க்காத பணத்தை அந்த இரண்டு ஏக்கரில் பார்த்தோம். கூரை வீடு ஓட்டு வீடானது, நாத்தனார் கல்யாணம் கடனில்லாமல் நடந்தது.

அதே வருஷங்களில்தான் வெளியூர்க்காரர்கள் வந்து ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கினார்கள். கரை முழுக்கக் குட்டையாயிற்று. குட்டைகள் பெருகின, ஓடை பெருகவில்லை. எல்லோரும் தண்ணீர் எடுப்பது அந்த ஓடையில், கழிவை விடுவதும் அதிலேயே.

1994 கடைசியில் கிழக்குக் கரையில் வெள்ளைப்புள்ளி நோய் தொடங்கியது. கிழக்காசியாவில் 1992 வாக்கில் தலைகாட்டிய வைரஸ் அது. இறால் தீவனம் எடுப்பதை நிறுத்தும், உடம்பு சிவக்கும், தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் விழும், பிறகு கூட்டமாகக் கரைக்கு வந்து ஒதுங்கும். கரைக்கு வந்துவிட்டால் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குட்டை காலி. மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஒரு குட்டையில் செத்ததைக் காகம் கொத்திக்கொண்டு போய்ப் பக்கத்துக் குட்டையில் போடும், நண்டு வரப்பைத் துளைத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். ஆனால் காகத்தையும் நண்டையும்விட வேகமாக நோயைக் கொண்டுபோனது மனிதர்கள் திறந்துவிட்ட மதகு. நோய் கண்ட குட்டையை அவசரமாகப் பிடித்துவிட்டு, தண்ணீரை அப்படியே ராத்திரியில் ஓடைக்கு விட்டார்கள். விடிந்ததும் கீழ்ப்பக்கத்துக் குட்டைக்காரர் அதே தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார். எங்கள் குட்டைகள் கீழ்ப்பக்கம். பெரிய பண்ணைகள் பூட்டிக்கொண்டு போய்விட்டன. எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை. தீவனக் கடனும் நகை அடகும் வீட்டோடு நின்றன.

அடுத்த அடி டெல்லியிலிருந்து வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்காகப் போராடிய சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பதை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக்காட்டையும் குட்டையாக்கக் கூடாது, வேலை இழக்கும் கூலிகளுக்கு ஆறு வருஷக் கூலியை இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. எங்கள் கரையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பழவேற்காடு ஏரியிலிருந்தும், கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலபட்டு சரணாலயத்திலிருந்தும் ஆயிரம் மீட்டருக்குள் பண்ணை வைக்கக் கூடாது என்றது. பழைய முறையிலும் அதைச் சற்றே திருத்திய முறையிலும் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்குத் தந்தது.

அந்தத் தீர்ப்பை எங்கள் வீட்டில் திட்டினார்கள். என் அத்தை திட்டவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் கரித்ததால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடந்தவர் அவர். “தப்பா ஒண்ணும் சொல்லலையே, நம்ம வாயிலயும்தான் உப்புக் கரிக்குது” என்று மாமனாரிடமே சொன்னார். நானும் அத்தை பக்கம்தான். நீதிமன்றம் கேட்ட கேள்வி நியாயமானது. தண்ணீர் யாருடையது, கெட்டால் யார் பொறுப்பு என்பதை இந்தத் தொழிலைப் பார்த்து முதன்முதலில் அவ்வளவு உரக்கக் கேட்டது அந்தத் தீர்ப்புதான். ஆனால் இரண்டு ஏக்கர் வீட்டுக்கும் இருநூறு ஏக்கர் பண்ணைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த விலக்கு சரியாகப் பிரிக்கவில்லை. பெரியவர்கள் வக்கீல் வைத்தார்கள், சிறியவர்கள் எப்போது இடிப்பார்கள் என்று காத்திருந்தார்கள். இடிப்பு ஆணையிட்டபடி நடந்து முடியவில்லை. 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்தால் நடத்தலாம் என்றாயிற்று. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்.

எங்களைப் போன்றவர்களை எழுப்பி நிறுத்தியது சட்டத்தைவிட, ஊர்ச் சங்கம் என்றுதான் சொல்வேன். மேற்கு கோதாவரியில் மொகல்தூரு என்ற ஊரில் 2002 வாக்கில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் சிறு குட்டைக்காரர்களைச் சேர்த்து ஒரு முயற்சி தொடங்கியது. ஒரு ஓடையில் தண்ணீர் எடுக்கும் எல்லோரும் ஒரே குழு. ஒரே வாரத்தில் குட்டை காயப்போட வேண்டும், பரிசோதித்த சீடைச் சேர்ந்து வாங்கி ஒரே சமயத்தில் விட வேண்டும், யார் குட்டையிலாவது நோய் கண்டால் அன்றே மற்றவர்களிடம் சொல்ல வேண்டும், அந்தத் தண்ணீரை வெளியே விடக் கூடாது. அந்த வேலையைத் தொடர 2007ல் தனியாக ஒரு தேசிய மையமே தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கும் இந்த முறை வந்தது. நோய் வந்ததை வெளியில் சொல்வது அவமானம் என்று நினைத்திருந்த ஊர் அது. சொன்னவருக்கு அந்தப் பட்டத்தில் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சம் பணம் போட்டுத் தீவனக் கடனை அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. யார் எப்போது தண்ணீர் எடுப்பது என்று முறை வைத்தபோது, எனக்கு ஏரியின் பாடு முறைதான் நினைவுக்கு வந்தது. நம் கரையில் ஏற்கெனவே இருந்த அறிவு அது. குட்டை வெட்டிய அவசரத்தில் அதை விட்டுவிட்டோம்.

2009ல் வன்னாமி வந்தது. பசிபிக் கரையின் இறால். ஹவாய், ஃபுளோரிடாவிலிருந்து நோயற்ற தாய் இறால் விமானத்தில் வரும், சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்த பிறகு பொரிப்பகங்களுக்குப் போகும். சதுர மீட்டருக்கு அறுபது வரை விடலாம், அதாவது ஏக்கருக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நூறு நாள் சொச்சத்தில் பிடித்துவிடலாம். டைகர் சில வருஷத்தில் காணாமல் போயிற்று.

ஆனால் அவ்வளவு இறால் மூச்சு விட ஏரேட்டர் ஓட வேண்டும், ஏரேட்டர் ஓடக் கரண்ட் வேண்டும். விடியலுக்கு முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். அந்நேரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். டைகர் காலத்தில் இரவுக் காவல் திருட்டுக்காக, வன்னாமி காலத்தில் மூச்சுக்காக. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கியதில்லை. மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றரை ரூபாய் என்று ஆந்திர அரசு சலுகை தந்தது பெரிய உதவி. ஆனால் குத்தகைக்குக் குட்டை எடுத்தவர்களுக்கு அதைப் பெறுவதே போராட்டம், இணைப்பு நிலக்காரர் பெயரில் இருக்கிறதே. நோய்களும் புதிதாக வந்தன. வளர்ச்சியை நிறுத்திவிடும் ஈ.எச்.பி., வெள்ளை மலம் என்று இரண்டும் கொல்வதைவிட மோசம், தீவனத்தைத் தின்னவைத்து நஷ்டம் தரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது குட்டைக்கரையில் விலை விழுந்தது. எங்கோ எடுத்த முடிவு, இங்கே குட்டைக்கரையில் அன்றைக்கே தெரிந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் மாறாமல் இருப்பது அந்த ஓடை. கழிவு நீரைத் தேக்கித் தெளியவைத்து வெளியே விட வேண்டும் என்பது முதலில் 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கான விதி. வன்னாமி வந்தபின் அளவு பார்க்காமல் அதை வளர்க்கும் எல்லாப் பண்ணைக்கும் என்றாக்கினார்கள். சரியான விதி. ஆனால் இரண்டு குட்டை வைத்திருக்கும் வீடு ஒன்றைத் தெளிகுட்டைக்கு விட்டுவிட்டால் பாதி வருமானம் போய்விடும். அதனால் காகிதத்தில் விதி இருக்கிறது, ஓடைக்குக் கழிவு போய்க்கொண்டிருக்கிறது. ஓடை போய்ச் சேரும் உப்பங்கழியில்தான் இன்னும் யானாதிகள் கையால் இறால் தேடுகிறார்கள்.

திருப்பதி மாவட்ட நிர்வாகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பொதுத் தெளிகுட்டைக்கு அரசு நிலம் ஒதுக்குங்கள், வெட்டிக் கொடுங்கள். அதைக் காத்து நடத்தும் பொறுப்பைக் குட்டைக்காரர்களின் சங்கத்திடம் கொடுங்கள், அந்தச் சங்கத்தில் குத்தகைதாரருக்கும் யானாதிகளுக்கும் இடம் வையுங்கள். பராமரிப்புச் செலவை ஏக்கர் கணக்கில் நாங்கள் பகிர்ந்து தருகிறோம்.