மூதூர்க் கல்லும் கோணமலைக் கோட்டையும்



தோப்பூர்ப் பிள்ளைகளிடம் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று வினவினால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் நிற்கும் கோணமலையைச் சுட்டிக் காட்டுவார்கள். தம் கரையில் சொல்லத்தக்கது ஏதுமில்லை என்பது அவர்கள் துணிபு. நானும் பல்லாண்டுகளாக அவர்களை நேரே திருகோணமலைக்கு அழைத்துச் சென்று, அந்தத் துணிபை வளர்த்தவனே. இப்பொழுது ஒருநாட் பயணத்தை மூதூரிலேயே தொடங்குகிறேன்.

அங்கே 1893இல் நாட்டப்பட்ட கல்லொன்று, ஒரு புளியமரத்தடியில் நிகழ்ந்ததைக் குறிக்கிறது. "இந்தக் கல்லைப் பார்க்கவா, சேர், விடியற்புறம் எழும்பி வந்தோம்?" என்று பிள்ளைகள் முணுமுணுப்பதுண்டு. 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலால் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் 'ஆன்', புதிய மரம் பொருத்துவதற்காக இக்குடாவை நாடி வந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் நட்புரை கூறி வந்து, கப்பல் தலைவன் றொபேட் நொக்ஸையும், அதே பெயருடைய அவன் மகனையும், மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே மாண்டான். மகன் 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டான். கண்டி நாட்டுக் குடியானவர் உழுததும் உண்டதும் உடுத்ததும் அந்நூலில் விரிவாக உள்ளன. அந்த நெடுங்கதை நம் கரையில் தொடங்கிற்று என்றதும், முணுமுணுத்தவர்கள் கல்லை நெருங்கி வந்து நிற்பார்கள்.

2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நகரை அடைகிறோம். முன்னர் இவ்விடத்தில் பாதையிலேறிக் கடந்த சிரமத்தை நான் சொன்னால், பிள்ளைகள் அதையும் சரித்திரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்!

பிரெட்றிக் கோட்டையின் வாயிலிற் செதுக்கப்பட்ட இரு மீன்களும், சிதைந்த தமிழ்ச் சாசனமொன்றும் நம்மை வரவேற்கின்றன. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர், இராசசிங்கனின் துணையோடு இதனைக் கைப்பற்றினர். 1782இல் மட்டும் இருமுறை கைமாறிற்று; சனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர். மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்து, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1782இல் வந்த இருவருமே படைகளைக் கரையிறக்கித் தரைவழியாக வந்தே வென்றனர் என்பது கவனித்தற்குரியது. செங்குத்தான பாறை கடற்புறத்தைக் காத்தது; நிலத்தோடு இணைந்த ஒடுங்கிய கழுத்துப் புறமே கோட்டைக்குக் காலனாயிற்று.

சென்ற முறை நான் ஆண்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசைச் சிறுவன் ஒருவன், "இந்தக் கல்லெல்லாம் சுமந்தது ஆர், சேர்?" என்று கேட்டான். நான் ஆண்டுகளை நிறுத்திக்கொண்டேன். தளபதிகளின் பெயர்கள் என் நாவில் வரிசையாக நின்றன. சுமந்த தோள்களுக்குப் பெயரில்லை. பிறகு அனைவரையும் வாயிலுக்குத் திரும்ப அழைத்துச் சென்று, ஆலயக் கல்லிற்கும் கோட்டைக் கல்லிற்கும் உள்ள வேற்றுமையைத் தாமே தேடுமாறு விட்டுவிட்டேன். அரைமணி நேரம் அங்கேயே கழிந்தது. புள்ளிமான்கள்கூடப் பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்கவில்லை.

மேலே, 1963இல் குடமுழுக்குக் கண்ட புதிய ஆலயம். 1950இல் நகரில் மண்ணுக்குள்ளிருந்து மீண்ட பழைய திருமேனிகளின் கதையை அங்கே கூறினேன். கடலில் இருந்து 300 அடிக்கு மேல் நிமிர்ந்த இராவணன் வெட்டில், காற்று எங்கள் பேச்சைப் பறித்துக்கொண்டது.

தெற்கே, குடாவுக்கு அப்பால், எங்கள் கரை தாழ்ந்த பச்சைக்கோடாகத் தெரிந்தது. காலையில் முணுமுணுத்தவர்களுள் ஒருத்தி கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு, "சேர், அந்தப் புளியமரத்தடி எந்தப் பக்கம்?" என்றாள்.