அடிக்குறிப்பின் ஸனத்

ஹதீஸ் கலையில் ஸனத் என்றொன்று உண்டு. யார் அறிவித்தார், அவருக்கு யார் அறிவித்தார் என்ற வரிசை. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அறிவிப்பின் வலு குன்றிவிடும். வரலாறு எழுதுபவனுக்கு அடிக்குறிப்புத்தான் ஸனத். சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஒருவர் மேற்கோள் காட்டினால், திகதியைக் கொண்டு இன்னொருவர் அதைத் தேடிச் சரிபார்க்கலாம். இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டினால்?

சமாதான காலத்தில் எங்கள் கரையோரம் இருந்த நிலையை எழுத உட்கார்ந்தபோதுதான் இக்கேள்வி என்னைச் சுட்டது. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையைக் கண்காணித்த நோர்டிக் நாட்டுக் குழு, அம்பாறை உட்பட ஆறு மாவட்டங்களில் இயங்கியது. மீறல் முறைப்பாடுகளின் கணக்கை மாவட்ட வாரியாகத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வந்தது. ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் போல் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழும் ஊர்களின் கதையை எழுத இவ்வகைக் கணக்கு அவசியம். 2008 ஜனவரியில் குழு வெளியேறியது. தளமும் பின்னர் மறைந்தது. சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் முஸ்லிம்களை ஒரு தரப்பாகச் சேர்க்காமலே கைச்சாத்தானது. அது பற்றி இணையத்தில் நான் வாசித்த அறிக்கைகள் பலவற்றின் முகவரிகள் என் கொப்பியில் இருக்கின்றன. தட்டினால் ஒன்றும் திறப்பதில்லை.

இது எமக்கு மட்டும் வந்த வினையல்ல. 2014 இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் காட்டப்பட்ட விடயத்துக்கு இட்டுச்செல்லவில்லை என்று கண்டது. தீர்ப்புக்கே அந்தக் கதி!

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் ரோய் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 2001 ஒக்டோபரில் ஒரு கேலித்தளம் திடீரென அகற்றப்பட்டதை வைத்தே 2003 இல் தன் கட்டுரையொன்றைத் தொடங்கினார். அத்தளத்தில் புழங்கிய பொம்மைப் படமொன்று, பங்களாதேஷில் ஆர்ப்பாட்டக்காரர் ஏந்திய பின்லாடன் சுவரொட்டியில் ஏறியிருந்தது. வருங்கால வரலாற்றாசிரியன் அதை எங்கே தேடுவான் என்பது அவர் கவலை. அவர் நிறுவிய நிலையத்திலிருந்துதான் 2006 இல் 'ஸொட்டேரோ' வந்தது. பெயர் அல்பேனிய மொழிச் சொல்லிலிருந்து எடுத்தது. முதலில் உலாவியோடு ஒட்டியிருந்தது, பிறகு கணனியில் தனியே இயங்கும் மென்பொருளாயிற்று. இலவசம். மேற்கோள் காட்டும் பக்கத்தை அதில் சேர்த்தால், தலைப்பு, முகவரி, பார்த்த திகதி ஆகியவற்றோடு பக்கத்தின் பிரதியையும் நம் கணனியிலேயே வைத்துக்கொள்கிறது. மூலத்தளம் அழிந்தாலும் பிரதி நிற்கும்.

ஆனால் என் கணனியிலுள்ள பிரதியை வாசகர் எப்படிச் சரிபார்ப்பார்? ஸனத் அங்கே என்னோடு நின்றுவிடுகிறது. அதனால் 1996 இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்திலும் அதே பக்கத்தைப் பதியச் செய்து, அந்த முகவரியையும் சேர்த்தெழுத வேண்டும். அச்சில் வந்த எம்மவர் நூல்களுக்கு 2005 முதல் நூலகம் திட்டம் இருக்கிறது. இணையத்தில் மட்டும் வந்ததற்கு மேற்கோள் காட்டுபவனே பொறுப்பு.

பழைய கட்டுரையின் அடிக்குறிப்புகளை அண்மையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். கண்காணிப்புக் குழுவின் பக்கங்கள் சில ஆர்க்கைவில் அகப்பட்டன, முகவரியைத் திருத்திவிட்டேன். மூன்று எங்கும் கிடைக்கவில்லை. அவற்றை நீக்க மனம் வரவில்லை. 'இப்போது பார்வைக்கு இல்லை' என்று எதிரே எழுதி வைத்திருக்கிறேன்.